ஏழாம் பக்கத்து ஈரம்

என்னுடைய கதை பதினோரு மொழிகளில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தபோது நான் தவளையின் இதயத்துக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகம் பள்ளிப் பாடப்புத்தகங்கள் தயாரிக்கிற இடம். இரண்டாவது மாடி, நீளமான ஒரே அறை, எட்டு மேசைகள், சுற்றினால் முனகுகிற ஒரு மின்விசிறி. நான் அங்கே படம் வரைகிறவள். இருபத்திரண்டு வருடமாகப் பூவின் பாகங்கள், கண்ணின் குறுக்குவெட்டு, மழை எப்படிப் பெய்கிறது என்று வரைந்து வரைந்து, தூக்கத்தில் எழுப்பிச் சிறுநீரகம் வரையச் சொன்னாலும் வரைந்துவிடுவேன். எங்கள் தொழிலில் பெரிய பாவம் ஒன்றே ஒன்றுதான். எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்வது. பாடத்தில் ஐந்து இதழ் என்று இருந்தால் படத்திலும் ஐந்துதான் இருக்க வேண்டும். ஆறு இருந்தால் எங்கேயோ ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடிதம் போட்டுவிடும். அப்படி ஒரு கடிதம்கூட என் படங்களுக்கு வந்ததில்லை. யாரும் கேட்காவிட்டாலும் இதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

பக்கத்து மேசைக்காரர் பக்கங்களைக் கணினியில் வடிவமைக்கிறவர். காலையில் திறந்த வாயைச் சாயங்காலம்தான் மூடுவார் என்பதால் அவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். அன்றைக்கு அவர் தன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், அந்தத் தவளையைக் கொஞ்ச நேரம் விடுங்க. பாவம், அது ஏற்கெனவே செத்துருச்சு. இங்க வந்து பாருங்க, நீங்க உலகப் புகழ் ஆயிட்டீங்க."

அவர் காட்டியது ஒரு சிறுவர் கதைத் தளம். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னை அதில் இழுத்துவிட்டவரே அவர்தான். அங்கே யார் வேண்டுமானாலும் படக்கதை போடலாம். போடும்போது கடைசியில் ஒரு கட்டம் வரும். இந்தக் கதையை யாரும் எடுத்துக்கொள்ளலாம், எந்த மொழியிலும் பெயர்க்கலாம், அச்சடிக்கலாம், மாற்றவும் செய்யலாம். என் பெயரைச் சொன்னால் போதும், மாற்றியிருந்தால் என்ன மாற்றினோம் என்று எழுதினால் போதும் என்று சம்மதிக்கிற கட்டம். ஸ்பீக்கர் அன்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். "யோசிச்சு டிக் போடுங்க மேடம். கொடுத்தா கொடுத்ததுதான்." நான் சிரித்தேன். இந்தப் பன்னிரண்டு பக்கக் கதையை எவன் சீந்தப் போகிறான் என்று சொல்லிவிட்டு டிக் போட்டேன்.

கதையின் பெயர் "வாலு திறந்த குழாய்". வாலு என்பது என் தங்கையின் செல்லப் பெயர். அவள் பிறந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார்ந்ததில்லை என்பதால் அப்பா வைத்த பெயர். கதையில் வாலு என்கிற ஏழு வயதுப் பெண், தண்ணீர் வராத ஒரு சாயங்காலம், வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறிக் குழாயைத் திருகிப் பார்க்கிறாள். தண்ணீர் வரவில்லை. மூட மறந்து போய்விடுகிறாள். விடியற்காலையில் தண்ணீர் வருகிறது. வீடு முழுக்க வெள்ளம். செருப்புகள் மிதக்கின்றன. பள்ளி ஆசிரியரான அப்பா திருத்துவதற்காகத் தரையில் அடுக்கி வைத்திருந்த விடைத்தாள்கள் நனைகின்றன. அப்பா கோபப்படப் போகிறார் என்று எல்லோரும் பயப்படும்போது அவர் ஒரு தாளை எடுத்துக் கப்பல் செய்து தண்ணீரில் விடுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். சுபம்.

இது எங்கள் வீட்டில் நடந்ததுதான், கடைசிப் பக்கம் மட்டும் நடக்கவில்லை. அப்பா கப்பல் செய்யவில்லை. அவை பொதுத் தேர்வு விடைத்தாள்கள். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளின் ஒரு வருடப் படிப்பு மையாகக் கரைந்து கூடத்தின் மூலையில் நீலமாகத் தேங்கி நின்றது. அப்பாவை எட்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு பேருந்து போகாத ஒரு ஊருக்கு மாற்றினார்கள். அப்பா யாரையும் அடிக்கிறவர் இல்லை. வாலுவிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். இரண்டாவது மாதம் அவளை விடுதியில் சேர்த்தார்கள். ஏழு வயதில் போனவள், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்து போனாள்.

இப்போது அவள் கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருக்கிறாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே வேலை, ஏழு வயதில் ஒரு மகள். நான் கதையை அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். படித்துவிட்டு போன் செய்து ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இப்படி நடந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்க்கா," என்றாள்.

"பதினோரு மொழி மேடம்," என்றார் ஸ்பீக்கர் மறுபடியும். "இதுல நாலு மொழிப் பேரே நான் கேள்விப்பட்டதில்ல."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் வரைந்த வாலு, நான் வரைந்த வாளி. எழுத்துகள் மட்டும் வேறு வேறு. ஒன்றில் எழுத்தெல்லாம் உருண்டையாக, இன்னொன்றில் குச்சி குச்சியாக. அடியில் சின்னதாக என் பெயர். அறையில் இருந்த மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டுக் காட்டலாமா என்று எழுந்தேவிட்டேன்.

"இருங்க, இந்த நாலாவது மொழில ஒரு குறிப்பு இருக்கு," என்றார் அவர். "மாத்தினா சொல்லணும்ல, அதை நேர்மையா சொல்லியிருக்காங்க. தமிழ்ல மாத்திப் பாக்கறேன்." கணினி அதைத் தமிழாக்கிக் கொடுத்ததை உரக்கப் படித்தார். "மாற்றம்: மூலக் கதையில் குழாயைத் திறந்தவள் தங்கை. எங்கள் மொழிபெயர்ப்பில் திறந்தவள் அக்கா. காரணத்துக்கு ஏழாம் பக்கத்துப் படத்தைப் பார்க்கவும். கண்டுபிடித்தவர்கள் எங்கள் மூன்றாம் வகுப்பு மாணவர்கள்."

எழுந்து நின்றிருந்தவள் அப்படியே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை படிங்க," என்றேன்.

அவர் இன்னொரு தடவை படித்தார். அதே வார்த்தைகள். அக்கா.

"ஏழாம் பக்கத்தை எடுங்க."

எடுத்தார். விடியற்காலைப் படம். நடுக்கூடத்தில் கணுக்கால் தண்ணீரில் வாலு நின்றுகொண்டு செருப்பை மிதக்கவிட்டு விளையாடுகிறாள். வலது ஓரத்தில் அறை தெரிகிறது. கட்டிலில் அக்கா தூங்குகிறாள். "எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், வாலுவைத் தவிர," என்று எழுத்து சொல்கிறது. அறைக்குள் தண்ணீர் இன்னும் வரவில்லை, தரை காய்ந்திருக்கிறது. அக்காவின் கவுன் கட்டிலின் விளிம்பில் தொங்குகிறது. கவுனின் கீழ் ஓரம் ஒரு சாண் அளவுக்கு மட்டும் அடர்ந்த நீலம். அதற்கு நேர் கீழே, காய்ந்த தரையில், இரண்டு சொட்டுத் தண்ணீர்.

நான்தான் வரைந்தேன். என் கைதான். ஈரத் துணியை அடர்த்தியான நிறத்தில் காட்ட வேண்டும், கீழே சொட்டு வைக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி. துணி காய்வது பற்றி மூன்றாம் வகுப்புப் பாடத்துக்கு நான் போட்ட படமும் அப்படித்தான். அந்தப் பக்கத்தை வரைந்து, நிறம் கொடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, நாலு தடவை சரிபார்த்துத் தளத்தில் ஏற்றியவள் நான். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தச் சொட்டு என் கண்ணில் படவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, நான் அதற்கு வண்ணமும் அடித்து வைத்திருக்கிறேன்.

ஆமாம். குழாயைத் திறந்தவள் நான். எனக்கு அப்போது பதினொரு வயது. தண்ணீர் வருகிறதா என்று பார்க்கத் திருகினேன், மறந்துவிட்டேன். விடிகிற நேரத்தில் சத்தம் கேட்டு நான்தான் முதலில் எழுந்தேன். போய்க் குழாயை மூடினேன். திரும்பும்போது விடைத்தாள் கட்டுகளைப் பார்த்தேன். அப்பாவை எழுப்பியிருக்கலாம். நான் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன், நனைந்த கவுனோடு. கொஞ்ச நேரத்தில் வாலு எழுந்து போய்த் தண்ணீரைப் பார்த்துக் குதூகலமாகி ஆடத் தொடங்கினாள். அவள் சிரிக்கிற சத்தத்தில்தான் அப்பா எழுந்தார். யார் குழாயைத் திறந்தது என்று கேட்டார். வாலு திருதிருவென்று விழித்தாள். "அவதான்பா, நேத்து வாளி மேல ஏறித் திருகிட்டு இருந்தா," என்று நான் அறையிலிருந்தே சொன்னேன். பேரே வாலு என்கிறபோது யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முப்பத்து நான்கு வருடமாக இது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாமலே இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

இதைவிட மோசமானது, வாலுவுக்கே தெரியாது. தான்தான் திறந்தோம் என்று அவள் முழுமனதாக நம்புகிறாள்.

"யார் இவங்க?" என்று ஸ்பீக்கரிடம் சீறினேன். "என் கதையை மாத்த இவங்களுக்கு யாரு உரிமை கொடுத்தது?"

"நீங்கதான் மேடம்," என்றார் அவர் பணிவாக.

அந்தப் பணிவுக்கே அவரை அறைந்திருக்கலாம். பிறகு அவர் தளத்தில் தேடிப் பார்த்துச் சொன்னார். பதினொன்றில் மூன்றுதான் என் கதையை மாற்றாமல் பெயர்த்தவை. நான்காவது, அந்தக் குறிப்பை எழுதிய பள்ளி ஆசிரியை ஒருவர், தன் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தது. அவர்களுடையது நிறையப் பேர் படிக்கிற பெரிய மொழி என்பதால் மிச்சம் ஏழு பேரும் அவருடையதைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆக எட்டு மொழிகளில் அக்காதான் குற்றவாளி. எட்டில் ஒன்று, என் தங்கை வாழ்கிற நாட்டின் மொழி.

அவள் மகள் அந்த மொழியில்தான் பள்ளியில் படிக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதை இல்லாமல் இருக்குமா, இருந்தாலும் அவள் கண்ணில் படாமல் போகுமா என்று நான் போட்ட கணக்குகளைச் சொன்னால் நீங்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவீர்கள்.

"எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க. நான் அனுமதியை வாபஸ் வாங்கிக்கறேன்."

"முடியாது மேடம். வில்லுல இருந்து விட்ட அம்பு. வேணும்னா உங்க பேரை மட்டும் எடுக்கச் சொல்லலாம். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. கதை இருக்கும், பேர் இருக்காது." கொஞ்சம் தயங்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் தயங்கி நான் பார்த்தேன். "ஏன் மேடம், இது வெறும் கதைதானே? படத்துல ஒரு சின்னத் தப்பு. திருத்திட்டாப் போச்சு."

நான் திருத்தினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். தவளையை ஓரம் கட்டிவிட்டு, ஏழாம் பக்கத்தைத் திறந்து, கவுன் ஓரத்தின் அடர்நீலத்தை வெளிர்நீலமாக்கினேன். இரண்டு சொட்டையும் அழித்தேன். பத்து நிமிட வேலை. ஈரமே இல்லாத அக்கா, ஒன்றும் தெரியாத முகத்தோடு தூங்கினாள். அதைத் தளத்தில் ஏற்றிவிட்டு, அந்த ஆசிரியைக்கு ஒரு கடிதமும் எழுதினேன். படத்தில் பிழை நேர்ந்துவிட்டது, சரிசெய்து ஏற்றியிருக்கிறேன், கதையை என் மூலத்தின்படி மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன், பிள்ளைகளின் கூர்மையைப் பாராட்டுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குப் பாராட்டு வேறு ஒரு கேடா?

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆசிரியையின் பதில் வந்தது. ஸ்பீக்கர் அதைத் தமிழாக்கி என் திரைக்கு அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மிக மரியாதையான கடிதம். தன் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள் என்றும், துணி எப்படிக் காய்கிறது என்ற பாடம் முடிந்த வாரம் இந்தக் கதையை எடுத்ததாகவும் எழுதியிருந்தார். கடைசி வரிசையில் இருக்கிற ஒரு பெண் எழுந்து, தூங்குகிறவளின் உடை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டாளாம். பிறகு வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு பாடவேளை முழுக்கச் சண்டை போட்டதாம். "கதை எழுதியவர் வேண்டுமென்றேதான் இப்படி வரைந்திருக்கிறார், நம்மைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். அதனால்தான் மாற்றினோம். இப்போது ஒரு குழப்பம். நேற்று எங்களுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று உங்களுடையது. இன்னொன்றைக் கீழே இணைத்திருக்கிறேன். அதை எழுதியவர், தானே அந்தச் சிறிய பெண் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை உறுதி சொன்னால் எட்டு மொழியிலும் உடனே மாற்றச் சொல்கிறேன்."

நான் கீழே நகர்த்தினேன்.

"மதிப்புக்குரிய ஆசிரியைக்கு. என் மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்திவிட்டேன். நீங்கள் பெரிய தவறு செய்திருக்கிறீர்கள். அந்தக் கதையில் வருகிற வாலு நான்தான். குழாயைத் திறந்தது நான்தான். என்னால் எங்கள் அப்பாவை எட்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். என் அக்கா ஒரு நாள்கூட என்னைக் குத்திக் காட்டியதில்லை. விடுதியில் எனக்கு வாராவாரம் கடிதம் எழுதியது அவள் ஒருத்திதான். அப்படிப்பட்டவள் எனக்காக எழுதிய கதையில் அவள் மேலேயே பழி போட்டிருக்கிறீர்கள். இது பொறுக்க முடியாத அநியாயம். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால், என் மகள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். திறந்தது நான்தான். தயவுசெய்து மாற்றுங்கள்."

மகள் தலைமேல் சத்தியம். பொய்ச் சத்தியம் என்று தெரியாமலே ஒருத்தி, ஒரு அக்காவைக் காப்பாற்றுவதற்காக, பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்திருக்கிறாள். நான் அதிகம் கோவில் குளம் போகிறவள் இல்லை. ஆனாலும் அந்த வரியைப் படித்த பிறகு என்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தச் சின்னப் பெண்ணின் வகிடு எனக்குத் தெரியும். வீடியோ அழைப்பில் தலையைக் குனிந்து குனிந்து எனக்குப் புது ரிப்பனைக் காட்டுவாள்.

ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஆமாம் என்று. எட்டு மொழியிலும் நான் காய்ந்த கவுனோடு தூங்குவேன். வாலுவும் நிம்மதியாக இருப்பாள். யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போனேன். அங்கே பழைய பாடப்புத்தகக் கட்டுகளை உயரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். உன் கதையை எவளோ ஒரு டீச்சர் கெடுத்து வச்சிருக்கா, தெரியுமா? நான் விடுவேனா, நல்லா டோஸ் விட்டு எழுதிட்டேன். நீ மனசுல வச்சுக்காத. பாப்பாகிட்டயும் சொல்லிட்டேன், இந்தப் புக்ல தப்பாப் போட்டிருக்கு, பெரியம்மா அப்படியெல்லாம் பண்றவங்க இல்லைன்னு."

"வாலு, நீ பாப்பா தலைமேல பண்ணின சத்தியத்தை முதல்ல எடுத்துடு."

"அது உனக்கு எப்படித் தெரியும்? அந்த டீச்சர் போட்டுக் கொடுத்துட்டாளா?" என்று சிரித்தாள். "எடுக்கறது எதுக்கு? பொய்யா சொல்லியிருக்கேன்?"

"பொய்தான்."

"என்னது?"

"அந்தப் பிள்ளைங்க பாத்தது சரி. கவுன் நனைஞ்சுதான் இருந்துச்சு. குழாயைத் திறந்தது நான். காலைல போய் மூடினதும் நான். அப்பா கேட்டப்ப உன்னைச் சொன்னேன்."

முப்பத்து நான்கு வருடத்துக்கு ஐந்தே வாக்கியம். அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குழாய் மூடுகிற சத்தம். அவள் சமையலறையில் நின்றிருக்க வேண்டும்.

"நீ சும்மா எனக்காகச் சொல்றே," என்றாள். குரலில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. "இத்தனை வருஷம் கழிச்சு இவளை ஏன் கஷ்டப்படுத்தணும்னு நினைச்சு உன் தலைல போட்டுக்கறே. எனக்குத் தெரியாதா உன்னை?"

"இல்ல வாலு."

"அக்கா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாளியைக் கவுத்துப் போட்டு ஏறினேன். குழாய் இறுகி இருந்துச்சு. ஒரு கையால முடியல, ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருகினேன். திருகுன இடத்துல இந்தக் கட்டைவிரல் பக்கம் சிவந்து போச்சு. உள்ள இருந்து புஸ்ஸுனு காத்து வந்துச்சு, தண்ணி வரல. இதெல்லாம் எனக்கு இப்பவும் அப்படியே இருக்கு. நடக்காததா இவ்வளவு தெரியும்?"

சொல்ல வேண்டிய அடுத்த விஷயம் முதல் விஷயத்தைவிடப் பெரியது என்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. இதை நான் எனக்கே ஒருமுறைகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"அக்கா? இருக்கியா?"

"கட்டைவிரல் சிவந்தது எனக்கு," என்றேன். "காத்து வந்ததும் எனக்குத்தான் கேட்டுச்சு. முதல் ரெண்டு மூணு நாள் நீ நான் திறக்கலை, நான் திறக்கலைன்னு சொல்லிட்டே இருந்தே. எனக்குப் பயம் வந்துருச்சு. அப்பா உன்னை நம்பிடுவாரோன்னு. தினம் ஸ்கூல் போற வழியில உன்கிட்ட சொல்லிட்டே வருவேன். நீதான் ஏறினே, இறுகி இருந்துச்சு, ரெண்டு கையாலயும் திருகினே, விரல் சிவந்துச்சு, உனக்கு மறந்து போச்சுன்னு. ஒரு வாரத்துல நீயே எனக்குத் திருப்பிச் சொல்ல ஆரம்பிச்சிட்டே."

கீழ் மாடியில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த கட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது.

சத்தம் போடுவாள், திட்டுவாள் என்று நான் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். அவள் குரல் ஏதோ முகவரி விசாரிக்கிற மாதிரிச் சாதாரணமாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில அப்பாவுக்குக் கடைசி நாள். நான் பிளைட் பிடிச்சு வந்தேன். அவர் கால்மாட்டுல நின்னு, குழாயைத் திறந்துவிட்டதுக்கு மன்னிச்சிருங்கப்பான்னு சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து பாத்தாரு, தலையை அசைச்சாரு. இருபத்தி நாலு வருஷத்துல அவர் என்னைப் பாத்துத் தலையசைச்சது அன்னிக்குத்தான். அப்ப நீ எங்க இருந்தே?"

"உன் பக்கத்துலதான்."

"என் முதுகைத் தடவிக் கொடுத்துட்டு இருந்தே," என்றாள்.

தூரத்தில் அவள் மகள் ஏதோ கேட்டாள், அந்த ஊர் மொழியில். இவளும் அதே மொழியில் இரண்டு வார்த்தை பதில் சொன்னாள். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை.

"டீச்சருக்கு நான் எழுதிக்கறேன்," என்றாள் பிறகு. "நீ எதையும் மாத்தாதே. அவங்க போட்டது அப்படியே இருக்கட்டும்."

"சரி," என்றேன். அவள் போனை வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. வைத்துவிட்டால் மறுபடி எப்போது எடுப்பாள் என்று தெரியாது. என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல், "வாலு," என்று கூப்பிட்டேன்.

"இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதே," என்றாள்.